ஸெய்னுதீன் போட்ட மேற்கு

முப்பத்தோராயிரத்து அறுநூற்றைம்பது ரூபாய். பள்ளிக்கூடம் ஸெய்னுதீனுக்குத் தர வேண்டிய காசு அது. அதில் பத்தொன்பதாயிரத்து அறுநூற்றைம்பது அவர் கையில் தங்காது. சீமெந்து, மணல், சிவப்பு டைல்ஸ், இரும்புக் குழாய் எல்லாம் மூதூரில் ஹஸனின் ஹாட்வெயார் கடையில் கடனுக்கு எடுத்தவை. காசு வந்த கையோடு அங்கே போய்விடும். மிச்சம் பன்னிரண்டாயிரம்தான் அவருடைய முதுகு வளைந்ததற்கு.

ஜனவரியில் முடித்த வேலை. ஜூன் பாதியாகியும் ஒரு சதம் வரவில்லை.

அன்று காலை ஹஸனின் கடைக்கு அவர் போனது இரண்டு மூடை சீமெந்து கேட்கத்தான். ஒரு வீட்டில் குளியலறைத் தரை போட்டுத் தருவதாகப் பேசியிருந்தார். சீமெந்து இல்லாமல் அங்கே போய் என்ன செய்வது, வெறுங்கையால் தரையைத் தடவிவிட்டு வருவதா?

ஹஸன் அவருக்கு மச்சான் முறை. அந்த உரிமையில் நல்லாய்க் கடன் கொடுப்பான், அந்த உரிமையிலேயே நல்லாய்க் குத்தியும் கதைப்பான்.

"சீமெந்து இரிக்கு மச்சான். கடன் கொப்பியிலதான் இடமில்ல."

"ரெண்டு மூடைதானேடா."

"நீங்க பள்ளிக்கூடத்துக்குப் போட்ட மேற்கு இன்னும் என்ட கொப்பியிலதான் கிடக்கு. அத முதல்ல எடுத்துக்கொண்டு போங்க. பிறகு ரெண்டென்ன, இருபது மூடை தாறன்."

ஆணி வாங்க நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். ஸெய்னுதீனும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது.

"நானா, சிவாஜினி டீச்சர் கதைக்கிறன். உடன ஒருக்கா பள்ளிக்கூடத்துக்கு வாறீங்களா?"

"காசு வந்திட்டுதா டீச்சர்?"

அந்தப் பக்கம் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது.

"இல்ல நானா. மேற்கு கோணலாப் போச்சு."

சிவாஜினி டீச்சர் திருகோணமலை டவுன்காரி. கிழமை நாட்களில் மூதூரிலேயே ஒரு அறை எடுத்துத் தங்கி நாலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர், ஸெய்னுதீனை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுகிறவர். சின்ன வகுப்புகளில் விஞ்ஞானத்தைப் புத்தகத்தில் காட்டாமல் வெளியில் வைத்துப் பழக்க வேண்டும் என்று கல்வி வலயத்தில் முடிவெடுத்து, புதுப் பாடங்கள் எழுதச் சொல்லிச் சில ஆசிரியர்களைத் தெரிந்தெடுத்திருந்தார்கள். ஒருவருக்கு விதை, ஒருவருக்குத் தண்ணீர். சிவாஜினி டீச்சருக்குக் கிடைத்தது நிழலும் திசையும். பாடத்தை எழுதி, தன் வகுப்பில் நடத்திப் பார்த்து, அதிகாரி வந்து பார்த்துச் சரியென்றால் எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் அந்தப் பாடம் போகும். செலவுக் காசும் அப்போதுதான் வரும்.

டீச்சர் கேட்டது பெரிய வேலை ஒன்றுமில்லை. முற்றத்தில் வட்டமாக ஒரு சீமெந்துத் தரை, நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு இரும்புக் குழாய், அதிலிருந்து நாலு திசைக்கும் சிவப்பு டைல்ஸில் நாலு கோடு. காலையில் பிள்ளைகள் வந்து குழாயின் நிழல் எந்தக் கோட்டில் விழுகிறது என்று பார்ப்பார்கள். சூரியன் கிழக்கில் உதிக்கும், ஆகவே காலை நிழல் மேற்கில் விழும். டீச்சர் எழுதிய பாடத்தின் முதல் வரியே அதுதான்.

வேலை முடிந்த மறுநாட் காலை வெயில் வந்ததும் டீச்சர் முப்பது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்து வட்டத்தைச் சுற்றி நிறுத்தினார். குழாயின் நிழல் ஸெய்னுதீன் போட்ட மேற்குக் கோட்டில் வார்த்துவிட்ட மாதிரிக் கிடந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். நிழலின் மேல் நீலப் பெயின்டால் பொட்டு வைத்தார்கள். டீச்சர், "நானா, உங்கட கைக்கு நான் என்ன சொல்ல," என்றார். அதைச் சொல்லித்தான் ஸெய்னுதீனின் மனிசி உம்மு குல்சும் இன்றைக்கும் அவரைப் பகிடி பண்ணுகிறாள்.

அதுக்குப் பிறகு நோன்பு வந்து பள்ளிக்கூடம் மூடியது. நோன்பு முடிந்து திறந்ததும் விளையாட்டுப் போட்டிக்கென்று முற்றத்தில் தகரக் கொட்டகை போட்டார்கள், வட்டம் அதற்குள்ளே போனது. கொட்டகையைக் கழற்றிப் போன கிழமைதான் வெயில் திரும்பவும் அந்தக் குழாயில் பட்டது.

ஸெய்னுதீன் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேரும்போது முதலாம் பாடம் நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் வட்டத்தைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். டீச்சர் குழாயின் பக்கம் கையைக் காட்டினார்.

நிழல் மேற்குக் கோட்டில் இல்லை. மேற்குக் கோட்டுக்கும் தெற்குக் கோட்டுக்கும் நடுவில், இரண்டுக்கும் சொந்தமில்லாமல் விழுந்து கிடந்தது. ஜனவரியில் வைத்த நீலப் பொட்டுகள் எல்லாம் பழைய இடத்தில் மேற்குக் கோட்டில் அப்படியே இருந்தன, புது நிழலில் பிள்ளைகள் வேறு பொட்டு வைத்திருந்தார்கள்.

"நீங்க தூணைப் பிடுங்கித் திரும்ப நட்டீங்களா?" என்று பஸ்னா என்ற பிள்ளை கேட்டாள். முன்வரிசைப் பிள்ளை, முகத்தில் சிரிப்பில்லை.

"நான் ஏன் மகள் பிடுங்கப் போறன்?"

"அப்ப கோட்டைத் திருப்பினீங்களா?"

"பஸ்னா, கொஞ்சம் வாயை மூடும்மா," என்றார் டீச்சர். சொன்ன பிறகு அவரும் ஸெய்னுதீனைத்தான் பார்த்தார்.

ஸெய்னுதீன் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்துக் குழாயோடு பிடித்தார். குழாய் நேரே நின்றது. மூலைமட்டத்தைக் கோடுகளில் வைத்தார். கோடுகள் ஒன்றுக்கொன்று நேர் மூலையில் இருந்தன. சீமெந்தில் வெடிப்பில்லை, தரை எங்கேயும் இறங்கவுமில்லை. ஒரு பிழையாவது அகப்பட்டிருந்தால் நிம்மதியாய் இருந்திருக்கும். எல்லாம் சரியாக இருந்துகொண்டு மொத்தமும் பிழையாக இருப்பது அவர் இதுவரை காணாத வியாதி.

"அதிகாரி நாளைக்கு வாறார் நானா," என்றார் டீச்சர், பிள்ளைகளுக்குக் கேட்காமல். "இப்பிடி இருந்தா அவர் கையெழுத்து வைக்க மாட்டார். காசும் வராது."

"டீச்சர், அண்டைக்கு நீங்களும் பாத்தனீங்கதானே. கோட்டில விழுந்ததுதானே."

"விழுந்தது. நான் இல்லையெண்டு சொல்லேல்ல. அதுதான் எனக்கு விளங்கேல்ல."

வீட்டுக்கு வந்து சோற்றில் கையை வைத்தவர் அதைப் பிசைந்துகொண்டே இருந்தார். உம்மு குல்சும் கதையைக் கேட்டுவிட்டு, "அந்தக் குழாய் வெயிலுக்கு வளைஞ்சிரிக்கும்," என்றாள்.

"இரண்டங்குலக் குழாய் வெயிலுக்கு வளையிறதா?"

"அப்ப சூரியன்தான் வளைஞ்சிரிக்கும். எப்பிடியும் நீங்க வளையல்ல, சரிதானே?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னேரம் அசர் தொழுதுவிட்டுத் திரும்பவும் பள்ளிக்கூடத்துக்கே நடந்தார். ஏன் போகிறார் என்று அவருக்கே தெரியாது. கடற்பக்கமிருந்து பொடி மணலை வாரிக்கொண்டு காற்று வந்தது. கேற்றுக்குள் போய் வட்டத்தைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

வெயில் இப்போது மறுபக்கம் சாய்ந்திருந்தது. குழாயின் நிழல் கிழக்குக் கோட்டின் மேல், ஒரு நூல் பிசகாமல், வட்டத்தைத் தாண்டி மணலிலும் நேரே ஓடியது.

அவர் டீச்சருக்குப் போன் எடுத்தார். "டீச்சர், ஓடி வாங்க. திருந்திட்டுது."

டீச்சர் வந்தார். இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். குனிந்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பின்னேர நிழல் கிழக்கில் விழுந்தால் சூரியன் மேற்கில் நிற்கிறது. கோடு சரி. காலையில் பிழை, பின்னேரம் சரி.

"இது என்ன கோதாரி," என்றார் டீச்சர். அவர் வாயில் அந்தச் சொல்லை ஸெய்னுதீன் அன்றுதான் கேட்டார்.

டீச்சர் போனை எடுத்து அதில் திசை காட்டும் படத்தைத் திறந்தார். குழாய்க்குப் பக்கத்தில் அது பேய் பிடித்த மாதிரிச் சுழன்றது. "இரும்பு," என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் வாகைமரத்தடியில் நின்று பிடித்தார். பிறகு கையை நீட்டி ஒரு பக்கம் காட்டினார்.

"மேற்கு இந்தப் பக்கம்."

அந்தப் பக்கம் ஸெய்னுதீனின் கோடு இருந்த பக்கமில்லை. காலையில் நிழல் விழுந்த பக்கமுமில்லை. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாய் ஒரு பக்கம். ஸெய்னுதீன் தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு முற்றத்துக்குள் எத்தனை மேற்கு கிடக்கும்?

"நானா, நீங்க மேற்கை எதை வச்சுப் பிடிச்சனீங்கள்?"

"பள்ளியை வச்சுத்தான்."

"எந்தப் பள்ளி?"

அவர் மதிலுக்கு அந்தப் பக்கம் தெரிந்த பள்ளிவாசலைக் காட்டினார். "அதுட பக்கச் சுவரில நூல் பிடிச்சு இஞ்ச கொண்டுவந்தனான். நாங்க மேற்க பாத்துத்தானே தொழுற. இந்த ஊரில நான் வச்ச கக்கூஸ் எல்லாம் அந்தச் சுவரில நூல் பிடிச்சுத்தான் வச்சது. நாங்க தொழுற பக்கம், அந்தக் கிப்லாவுக்கு முகத்தையோ முதுகையோ குடுத்துக் கக்கூஸ் கோப்பை வைக்கக் கூடாது. இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரும் குறை சொல்லல்ல."

டீச்சர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு சட்டென்று நிறுத்தி, "குறையா நினைக்காதேங்கோ நானா," என்றார்.

ஸெய்னுதீனுக்குக் குறை ஒன்றுமில்லை. அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். பழைய பள்ளியை இடித்துப் புதுசு கட்டும்போது அவரும் அங்கே கல் சுமந்தவர். வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து, கருவி வைத்துப் பார்த்து, பழைய அத்திவாரத்திலிருந்து நல்லாய் வலப்பக்கம் திருப்பிப் போடச் சொன்னார்கள். பழைய பள்ளி மேற்கைப் பிழையாய்ப் பார்த்ததென்றும் புதுப் பள்ளி சரியாய்ப் பார்க்கிறதென்றும்தான் அன்றிலிருந்து அவர் நினைத்துக்கொண்டிருந்தார். படித்தவர்கள் கருவி வைத்துத் திருத்திய மேற்கைவிட நல்ல மேற்கு அவருக்கு எங்கே கிடைக்கும்?

"அது மேற்கு இல்ல நானா. அவையள் மக்காவுக்கு நேராப் பிடிச்சவை. மக்கா எங்களுக்கு நேர் மேற்கில இல்ல, வடக்குப் பக்கமாத் தள்ளி இருக்கு."

"அப்ப நான் போட்டது பிழை."

"ஓம். கோடு பிழை."

"பிழையெண்டா ஜனவரியில நிழல் ஏன் அதில விழுந்தது? இப்ப ஏன் கிழக்குக் கோட்டில விழுந்து கிடக்கு?"

டீச்சர் வட்டத்தின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். கையை முகத்தில் வைத்துக்கொண்டு நீலப் பொட்டுகளைப் பார்த்தார், பிறகு காலையில் வைத்த புதுப் பொட்டுகளைப் பார்த்தார். நடுவில் போன் காட்டிய பக்கத்தைப் பார்த்தார். கட்டிடத்தில் ஏதோ இடிந்து விழுந்ததைப் பார்த்தவர் மாதிரிச் சொன்னார்:

"பிழை என்னிலதான். சூரியன் ஒவ்வொரு நாளும் நேர் கிழக்கில உதிக்கிறதில்ல. ஜனவரியில தெற்குப் பக்கம் தள்ளி உதிக்கும். இப்ப வடக்குப் பக்கம் தள்ளி உதிச்சு, வடக்குப் பக்கம் தள்ளியே மறையும். நீங்க கோணலாப் போட்ட கோட்டில ஜனவரி காலை வந்து சரியா விழுந்திட்டுது. ஜூன் அந்தியும் சரியா விழுது. நான் அதைப் பாத்திட்டு உங்கட கையைப் புகழ்ந்தன். எனக்குப் படிப்பிச்சதும் 'சூரியன் கிழக்கில் உதிக்கும்' எண்டுதான். நானும் அதைத்தான் படிப்பிச்சன். இப்ப பாடமாயும் எழுதி வச்சிருக்கிறன்."

ஸெய்னுதீன் இதையெல்லாம் காதால் கேட்டார். மண்டைக்குள் ஒன்றும் போய்ச் சேரவில்லை. சூரியன் அங்கேயும் இங்கேயுமாய்ப் போய் வந்தால் ஒரு மனிசன் எதைப் பிடித்து நூல் கட்டுவது?

"நான் விடியக்குள்ள வந்து உடைச்சுப் போடுறன் டீச்சர். அதிகாரி வாறத்துக்கு முந்திச் சரியான கோட்டைப் போட்டு விடலாம். கூலி வேணாம். கடைக்காசு வந்தாப் போதும்."

டீச்சர் குழாயைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். "காலையில வாங்கோ, பாப்பம்," என்று மட்டும் சொன்னார்.

அந்தித் தொழுகை மஹ்ரிபுக்குப் பள்ளியில் வரிசையில் நின்றபோது ஸெய்னுதீனின் கண் பக்கச் சுவரிலேயே போனது. தொழுகை முடிந்து மௌலவியிடம் மெதுவாய்க் கேட்டார். மௌலவி இளம் ஆள். "நாங்க திரும்பிற மக்காவுக்கு காக்கா, மேற்குக்கு இல்ல. மேற்கு எண்டு சொல்றது பேச்சுப் பழக்கம்," என்றார்.

"அப்ப நான் வச்ச கக்கூஸெல்லாம்?"

"அது சரிதான். நீங்க கிப்லாவத்தானே விலக்கி வச்ச."

ஆக, கக்கூஸ் சரி, மேற்குத்தான் பிழை. வீட்டுக்குப் போய் இதை உம்மு குல்சுமிடம் சொன்னபோது, "நல்லதாப் போச்சு, ஊரே வந்து உடைக்கச் சொல்லியிருந்தா எங்க போற," என்றாள். அதில் கொஞ்சம் ஆறுதல் இருந்தது.

மறுநாள் சுத்தியலும் உளியும் பையில் போட்டுக்கொண்டு அவர் போனார். டீச்சர் உடைக்க விடவில்லை. அதற்குள் அதிகாரியின் மோட்டார் சைக்கிள் உள்ளே வந்துவிட்டது.

சிவகுருநாதன் சேர் ஆரம்பப் பிரிவுக்குப் பொறுப்பான அதிகாரி. ஓய்வுக்குக் கொஞ்சக் காலம் இருக்கிற மனிசர், சட்டைப் பையில் மூன்று பேனை. டீச்சர் எழுதிய பாடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வட்டத்துக்கு வந்தார்.

"'காலை நிழல் விழும் பக்கம் மேற்கு,'" என்று சத்தமாய் வாசித்தார். "நல்லது. நிழல் எங்க விழுது? இஞ்ச. கோடு எங்க போகுது? அங்க. பிள்ளையள், மேற்கு எங்க?"

முப்பது பிள்ளைகளும் மூன்று பக்கம் கை காட்டினார்கள். புத்தகத்தை நம்பியவர்கள் நிழலை, கோட்டை நம்பியவர்கள் கோட்டை, காலையில் டீச்சரின் போனைப் பார்த்தவர்கள் நடுவை.

பஸ்னா எழும்பினாள். "சேர், பரீட்சைக்கு எந்த மேற்கு?"

சிவகுருநாதன் சேர் பேனை மூடியைக் கழற்றி, திரும்பப் போட்டார். "கோடு போட்டது ஆர்?"

"நான் சேர்," என்றார் ஸெய்னுதீன்.

"அப்ப இது மேசன் வேலைப் பிழை. உடைச்சுப் போட்டு நேராப் போட்டுத் தாங்கோ. நான் அடுத்த கிழமை வந்து கையெழுத்து வைக்கிறன். பாடமும் போகும், காசும் வரும். பிரச்சினை முடிஞ்சுது."

ஸெய்னுதீன் பையைத் திறந்து சுத்தியலை எடுத்துவிட்டார். முடிந்தது என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குப் போதும். ஹஸனின் வாயை மூடலாம், இரண்டு மூடை சீமெந்து எடுக்கலாம், குளியலறையைப் போடலாம்.

"நானா, வையுங்கோ அதை," என்றார் டீச்சர். பிறகு அதிகாரியிடம் திரும்பினார். "சேர், கோட்டைத் திருப்பிப் போட்டாலும் நாளைக்கு நிழல் அதில விழாது. அடுத்த கிழமையும் விழாது."

"ஏன் விழாது?"

"பாடம் பிழை சேர். நான் எழுதினது பிழை. ஜனவரிப் பொட்டைப் பாருங்கோ. நேற்று வச்ச பொட்டைப் பாருங்கோ. சூரியன் இடம் மாறுது. மார்ச்சிலயும் செப்டெம்பரிலயும் மட்டுந்தான் நேர் கிழக்கில வரும். இந்தத் தரையை உடைச்சா ஜனவரிப் பொட்டும் போயிடும். பிறகு நான் சொல்லுறதைப் பிள்ளையளும் நம்பாது, நீங்களும் நம்ப மாட்டீங்கள்."

சேர் வட்டத்துக்குள் இறங்கி ஒரு பொட்டிலிருந்து மற்றப் பொட்டுக்கு நடந்தார். போன் காட்டிய பக்கத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு யாருக்கும் என்றில்லாமல் சொன்னார்:

"எங்கட வீட்டுச் சாமியறையில மார்கழியில யன்னலால வெயில் வந்து விளக்கில படும். ஆனி ஆடியில வராது. பக்கத்து வீட்டு மாமரம் மறைக்குதெண்டு சொல்லி அந்த வீட்டுக்காரரோட ரெண்டு வருசம் கதை இல்லாம இருந்தனான்."

டீச்சர் சிரிக்கவில்லை. ஸெய்னுதீனுக்கு மாமரத்தில் என்ன பிழை என்று விளங்கவில்லை.

அதிகாரி கதிரை ஒன்று கொண்டுவரச் சொல்லி, வட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்து எழுதினார். எழுதுவதும் நிறுத்துவதும் பார்ப்பதுமாய் நேரம் போனது. பாடத்தை டீச்சரிடமே திருப்பிக் கொடுத்தார். சூரியன் எங்கே உதிக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காமல், வருசம் முழுக்கப் பொட்டு வைத்து அவர்களே கண்டுபிடிக்கிற மாதிரித் திருத்தி எழுதச் சொன்னார். "இதுக்கு ஒரு வருசம் எடுக்குமே சேர்," என்றார் டீச்சர். "எடுக்கட்டும். நான் பென்சனில போனாலும் ஆரும் வந்து பாப்பினம்."

பிறகு காசுக் கடதாசியைக் கையிலெடுத்தார். "பொருட்களுக்குக் கையெழுத்து வைக்கிறன். தரை இருக்கு, குழாய் இருக்கு, கண்ணால கண்டனான். கூலிக்கு வைக்க ஏலாது. 'வேலை சரியாக முடிந்தது' எண்டு எழுதினாத்தான் கூலி. இதைச் சரியெண்டு நான் எப்பிடி எழுத? பிழையெண்டு எழுதினா உங்களுக்கும் டீச்சருக்கும் கரைச்சல். அந்த இடத்தை வெறுமையா விடுறன். குறை நினைக்காதேங்கோ."

"நினைக்கல்ல சேர்," என்றார் ஸெய்னுதீன். என்ன நினைப்பதென்றே தெரியாதவர் குறையை எங்கே தேடிப் போவார்?

பொருட்காசு அந்த மாதக் கடைசியில் வந்தது. ஹஸன் கொப்பியில் அந்தப் பக்கத்தைக் குறுக்கே வெட்டிவிட்டு, கேட்காமலே இரண்டு மூடை சீமெந்தைத் தூக்கி வெளியில் வைத்தான். "மேற்கு போயிட்டுது மச்சான். இனிக் கிழக்கு ஏதும் போடுறெண்டா முதல்ல சொல்லுங்க," என்றான்.

மிச்சம் கூலி. அதை யார் தருவது என்று ஒரு இடத்திலும் எழுதியிருக்கவில்லை. ஸெய்னுதீன் கேட்கப் போகவில்லை. சம்பளம் எடுத்த அன்று டீச்சரே அவரைக் கூப்பிட்டார். பள்ளிக்கூடம் விட்ட பிறகு வட்டத்தடியில் நின்று ஒரு கடித உறையை நீட்டினார்.

"பன்னிரண்டாயிரம் இருக்கு நானா. என்ர காசு. எடுங்கோ."

"வேணாம் டீச்சர். பிழையா வேலை செஞ்சிட்டுக் கூலி வாங்கினா அது வயித்துக்குள்ள நிக்காது."

"நீங்க பிழையெண்டு நான் சொல்லேல்லையே. பிழை என்ர பாடம்."

"அப்ப என்ட கோடு சரியெண்டு சொல்லுங்க. வாங்குறன்."

டீச்சர் கோட்டைப் பார்த்தார்.

"சரியெண்டும் சொல்ல ஏலாது நானா."

"பிழையெண்டா வேணாம். சரியெண்டாத் தாங்க. ரெண்டில ஒண்டச் சொல்லுங்க டீச்சர், எனக்குத் தலை வலிக்குது."

"எனக்கும் வலிக்குது."

வெயில் சாயத் தொடங்கியிருந்தது. நிழல் கிழக்குக் கோட்டை நோக்கி மெதுவாய் வந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்து அதில் படுத்துவிடும் என்று ஸெய்னுதீனுக்குத் தெரியும். ஏன் என்று டீச்சர் மூன்று தரம் சொல்லியிருந்தார். சொல்லும்போது விளங்குகிற மாதிரி இருக்கும், வீட்டுக்குப் போகும் வழியில் கொட்டுண்டு போய்விடும்.

"இப்பிடிச் செய்வம்," என்றார் அவர். "காலையில பிழை, அந்திக்குச் சரி. அப்ப அரைவாசி வேலை சரி. ஆறாயிரம் தாங்க."

"ஜனவரி வந்தா அது மாறிப் போகும் நானா. காலையில சரியா இருக்கும், அந்திக்குப் பிழைக்கும்."

ஸெய்னுதீன் அதை யோசித்துப் பார்த்தார்.

"அப்பவும் அரைவாசிதானே டீச்சர்."

டீச்சர் உறையிலிருந்து ஆறாயிரத்தைப் பிரித்துக் கொடுத்தார். மற்ற ஆறாயிரத்தை ஸெய்னுதீன் டீச்சரின் உறையிலேயே விட்டுவிட்டார்.